வாசகர் கேள்விகள்: ஜப்பான் பிரதமர்களும் ராணுவச் சீருடையும்

கேள்வி: போர்க்காலப் பிரதமர் டோஜோ ஹிடெக்கி ஒரு ஜெனரல். இரண்டாம் உலகப் போருக்கு முன் ஜப்பானை ஆண்ட பிரதமர்கள் எல்லோருமே ராணுவத்தினர்தானா? (சிவகாசி வாசகர்)

எல்லோரும் இல்லை, பாதிப் பேர். 1885 டிசம்பரில் பதவியேற்ற முதல் பிரதமர் இட்டோ ஹிரோபுமியில் தொடங்கி, 1945 ஆகஸ்டில் சரணடைந்தபோது பதவியில் இருந்த சுசுகி கன்டாரோ வரை 29 பேர் பிரதமரானார்கள். இவர்களில் 15 பேர் படை அதிகாரிகள். யமகாட்டா, கட்சுரா, டெராவுச்சி, டனாகா கிய்ச்சி, ஹயாஷி, அபே நொபுயுக்கி, டோஜோ, கோய்சோ என எட்டு பேர் தரைப்படை. கடற்படையில் யமமோட்டோ, கடோ டொமோசபுரோ, சைட்டோ, ஒகாடா, யோனாய், சுசுகி என ஆறு பேர். பதினைந்தாமவர் இரண்டாவது பிரதமர் குரோடா கியோடாக்கா. லெப்டினன்ட் ஜெனரல் பட்டம் இருந்தாலும் அவரை அரசியல்வாதி என்றே வைத்துக்கொள்ளலாம். போர் முடிந்ததும் 54 நாள் மட்டும் பதவியில் இருந்த இளவரசர் ஹிகாஷிகுனியும் ஜெனரல்தான். அவரைச் சேர்த்தால் 30க்கு 16.

இந்தக் கணக்கை மட்டும் வைத்து ‘ஜெனரல்கள் பிரதமரானதால்தான் நாடு போருக்குப் போனது’ என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 1937இல் சீனாவுடன் முழுப்போர் தொடங்கியபோது பிரதமர் கொனோயே ஃபுமிமாரோ. அவர் பிரபுக் குடும்பத்துச் சிவிலியன். நாஜி ஜெர்மனியோடு சேர மாட்டேன் என்று இழுத்தடித்த யோனாயோ அட்மிரல். பிரதமர் எந்தச் சீருடை போட்டிருந்தார் என்பதைவிட, அமைச்சரவையில் ராணுவ அமைச்சர் நாற்காலியை யார் நிரப்பினார்கள் என்று பார்ப்பதுதான் முக்கியம்.

கேள்வி: ராணுவம் புரட்சி செய்யாமலேயே ஆட்சிகளைக் கவிழ்த்தது என்று படித்தேன். அது எப்படி முடியும்? (திருச்சி வாசகி)

வெகு சுலபமாக. அமைச்சரவையில் தரைப்படை அமைச்சர், கடற்படை அமைச்சர் என்று இரண்டு பதவிகள் உண்டு. 1900இல் யமகாட்டா அரிடோமோ பிரதமராக இருந்தபோது ஒரு விதி வந்தது. அந்த இரண்டு நாற்காலிகளிலும் பணியில் இருக்கும் ஜெனரல், லெப்டினன்ட் ஜெனரல், அட்மிரல், வைஸ் அட்மிரல்தான் உட்காரலாம். ஓய்வு பெற்றவர்களுக்கும் சிவிலியன்களுக்கும் இடமில்லை.

பணியில் இருக்கும் அதிகாரி படைத் தலைமையின் கட்டளைக்கு உட்பட்டவர். ‘நீ அமைச்சராகாதே’ என்று தலைமை சொல்லிவிட்டால் அவரால் ஆக முடியாது. அந்த நாற்காலி காலியாக இருந்தால் அமைச்சரவையே இல்லை. ஆக, ஆட்சியைக் கவிழ்க்க இரண்டே வேலை: இருக்கிற அமைச்சரை ராஜினாமா செய்ய வைப்பது, அடுத்த ஆளைத் தர மறுப்பது.

1912 டிசம்பரில் இது முழுசாக நடந்தது. கொரியாவில் நிறுத்த இரண்டு புதிய டிவிஷன் (பெரிய படைப்பிரிவு) வேண்டும் என்று தரைப்படை கேட்டது. கஜானாவைப் பார்த்துப் பிரதமர் சையோன்ஜி மறுத்தார். அமைச்சர் உஏஹாரா ராஜினாமாக் கடிதத்தைப் பிரதமரிடம் கொடுக்காமல் நேரே பேரரசரிடம் கொடுத்தார். மாற்று ஆள் வரவில்லை. சையோன்ஜி வீட்டுக்குப் போனார். இதனால் கிளம்பிய மக்கள் கொதிப்பில் அடுத்து வந்த கட்சுராவின் ஆட்சி இரண்டே மாதத்தில் கவிழ்ந்தது. அவருக்குப் பின் வந்த அட்மிரல் யமமோட்டோ 1913இல் விதியைத் தளர்த்தி, ரிசர்வ் பட்டியலில் இருப்பவர்களும், அதாவது அன்றாடப் பணியிலிருந்து விலகிய அதிகாரிகளும், அமைச்சராகலாம் என்றார். வேடிக்கை என்னவென்றால், அடுத்த 23 ஆண்டுகளில் ரிசர்விலிருந்து ஒருவர்கூட அமைச்சராக்கப்படவில்லை. ஆனாலும் ‘நீங்கள் ஆள் தராவிட்டால் வெளியே இருக்கிறார்கள்’ என்று பிரதமர் சொல்ல வழி இருந்தது. அந்த வழி திறந்திருந்ததே போதுமானதாக இருந்தது.

1936 மே மாதம் அந்த வழியையும் அடைத்தார்கள். அடைத்தவர் ஜெனரல் அல்ல, தூதரகப் பணியிலிருந்து வந்த ஹிரோட்டா கோக்கி. அந்த ஆண்டு பிப்ரவரியில் தரைப்படையினர் சிலர் நடத்திய கலகத்துக்குப் பிறகு ரிசர்வுக்கு அனுப்பப்பட்ட ஜெனரல்கள் கொல்லைப்புற வழியாக அமைச்சராகத் திரும்பிவிடக் கூடாது என்று தரைப்படை காரணம் சொன்னது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எட்டே மாதத்தில் ஹிரோட்டாவே அதன் பலனை அனுபவித்தார். நாடாளுமன்றத்தில் ஹமாடா குனிமாட்சு என்ற மூத்த உறுப்பினர் ராணுவத்தைத் தாக்கிப் பேசினார். தரைப்படை அமைச்சர் டெராவுச்சி ஹிசாய்ச்சி (முன்னாள் பிரதமர் டெராவுச்சியின் மகன்) ‘இது ராணுவத்துக்கு அவமதிப்பு’ என்றார். ‘என் பேச்சில் அவமதிப்பு இருந்தால் நான் வயிற்றைக் கிழித்துக்கொள்கிறேன், இல்லையென்றால் நீங்கள் கிழித்துக்கொள்ளுங்கள்’ என்று ஹமாடா பதிலடி கொடுத்தார். சபையைக் கலைத்தே ஆக வேண்டும் என்று அமைச்சர் அடம்பிடிக்க, மற்ற அமைச்சர்கள் ஒத்துக்கொள்ள மறுக்க, 1937 ஜனவரியில் அமைச்சரவை விழுந்தது.

அடுத்து நடந்ததுதான் இந்த விதியின் உச்சம். ஆட்சி அமைக்கும்படி உகாக்கி கசுஷிகேவுக்குப் பேரரசரின் ஆணை போயிற்று. உகாக்கியும் ஜெனரல், முன்னாள் தரைப்படை அமைச்சர். ஆனால் 1925இல் நான்கு டிவிஷன்களைக் கலைத்தவர் என்பதால் இளம் அதிகாரிகளுக்கு அவர்மேல் ஆத்திரம். அரண்மனைக்குப் போகும் வழியிலேயே ராணுவப் போலீஸ் தளபதி அவர் காரை நிறுத்தி, பதவியை ஏற்க வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். உகாக்கி கேட்கவில்லை. முறைப்படி அமைச்சர், தலைமைத் தளபதி, ராணுவக் கல்வித் தலைவர் ஆகிய மூவரும் கூடி ஒரு பெயரைத் தர வேண்டும். பெயர்களும் வந்தன. பெயர் சொல்லப்பட்ட ஒவ்வொருவரும் ‘என்னால் இயலாது’ என்றார்கள். நான்கு நாள் காத்திருந்துவிட்டு உகாக்கி ஆணையைத் திருப்பிக் கொடுத்தார். பேரரசர் அழைத்தும் ஒரு ஜெனரலால் பிரதமராக முடியவில்லை!

1940 ஜூலையில் அட்மிரல் யோனாயை இறக்கியதும் இதே வழியில்தான். அமைச்சர் ஹாட்டா ராஜினாமா செய்தார், மாற்று ஆள் இல்லை, கதை முடிந்தது.

கேள்வி: 2025 அக்டோபரில் டகாய்ச்சி சனாயே 104ஆவது பிரதமராகப் பதவியேற்றார் என்று செய்தி வந்தது. 140 ஆண்டுகளில் 104 பேரா? (மதுரை வாசகர்)

ஆட்கள் 66 பேர்தான். எண் பதவிக்காலத்துக்குத் தரப்படுவது. ஒருவர் போய்த் திரும்பி வந்தால் புது எண். போருக்குப் பிந்தைய முறையில், பொதுத் தேர்தலுக்குப் பிறகு நாடாளுமன்றம் அதே நபரை மறுபடி தேர்ந்தெடுத்தாலும் புது எண். இட்டோ ஹிரோபுமி 1, 5, 7, 10. அபே ஷின்சோ 90, 96, 97, 98. இஷிபா ஷிகெரு 102, 103. பழைய பட்டியலைப் பார்க்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: 1889இல் இரண்டு மாதம் பொறுப்பைப் பார்த்த சான்ஜோ சனேடோமி எண்ணிக்கையிலேயே வர மாட்டார். இடைக்காலப் பொறுப்பு கணக்கில் சேராது.

கொனோயேயின் எண்கள் 34, 38, 39. கடைசி இரண்டும் அடுத்தடுத்து இருப்பது ஏன்? 1941 ஜூலையில் வெளியுறவு அமைச்சர் மட்சுவோக்காவை அவர் வெளியேற்ற விரும்பினார். அன்றைக்கு நடைமுறையில் இருந்த மெய்ஜி அரசியல் சட்டத்தில் பிரதமர் என்ற சொல்லே கிடையாது. 55ஆம் பிரிவின்படி ஒவ்வொரு அமைச்சரும் தனித்தனியாகப் பேரரசருக்குப் பொறுப்பு. அமைச்சரை நீக்கும் அதிகாரம் பிரதமருக்கு இல்லை. எனவே ஒரே ஒருவரை அனுப்ப மொத்த அமைச்சரவையும் 16ஆம் தேதி ராஜினாமா செய்தது. 18ஆம் தேதி மட்சுவோக்கா இல்லாமல் மறுபடி பதவியேற்றது. மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் காலி செய்து திரும்பக் குடிபுகுந்த கதை.

கேள்வி: டோஜோவை ஹிட்லர் போன்ற சர்வாதிகாரி என்று சொல்லலாமா? (நாகர்கோவில் வாசகர்)

பதவிகளை எண்ணினால் அப்படித்தான் தோன்றும். 1941 அக்டோபர் 18 அன்று பிரதமரானபோதே ஜெனரலாகப் பதவி உயர்வு. பணியிலிருந்து விலகவில்லை என்பதால் தரைப்படை அமைச்சரும் அவரே. தொடக்கத்தில் உள்துறையும் அவரிடம். 1943 நவம்பரில் ஆயுத உற்பத்தித் துறை. 1944 பிப்ரவரியில் தலைமைத் தளபதி.

அந்தக் கடைசிப் பதவி எதற்குத் தேவைப்பட்டது என்று யோசித்தால் அவருடைய பலவீனம் தெரியும். அரசியல் சட்டத்தின் 11ஆம் பிரிவு படைகளின் தலைமையை நேரடியாகப் பேரரசரிடம் வைத்தது. போர்த் திட்டம் போடும் தலைமையகம் அமைச்சரவைக்குக் கட்டுப்பட்டதல்ல. பிரதமராகவும் அமைச்சராகவும் இருந்தும் அங்கே உத்தரவு போட முடியாமல்தான் அந்த நாற்காலியிலும் போய் உட்கார்ந்தார். அப்படியும் கடற்படைத் தலைமையகம் அவர் கைக்கு வெளியேதான்.

1944 ஜூலையில் பசிபிக்கில் இருந்த சைபன் தீவு அமெரிக்காவிடம் விழுந்தது. அமைச்சரவையை மாற்றியமைத்து, முன்னாள் பிரதமர்கள் சிலரை உள்ளே கொண்டுவந்து தப்பிக்கப் பார்த்தார் டோஜோ. அதற்கு இடம் காலியாக வேண்டும். அமைச்சர் கிஷி நொபுசுகேயை விலகச் சொன்னார். கிஷி மறுத்தார். ராணுவப் போலீஸைக் கையில் வைத்திருந்தவரால் ஒரு அமைச்சரை நீக்க முடியவில்லை. கொனோயேவுக்கு இருந்த அதே பூட்டுதான். ஜூலை 18 அன்று டோஜோ ராஜினாமா செய்தார். ஹிட்லரை இப்படி ஒரு அமைச்சர் வீட்டுக்கு அனுப்புவதை நினைத்துப் பார்க்க முடியுமா?

1948 டிசம்பர் 23 அன்று டோஜோ தூக்கிலிடப்பட்டார். சுகாமோ சிறையில் இருந்த கிஷி, வழக்கு இல்லாமல் மறுநாளே விடுதலையானார். 1957இல் அவரே பிரதமரும் ஆனார்.

கேள்வி: நேதாஜியோடு படத்தில் இருக்கும் ஜப்பானியப் பிரதமர் டோஜோதானா? (ராமநாதபுரம் வாசகர்)

இவரேதான். 1943 ஜூலை 6 அன்று சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பை நேதாஜியுடன் நின்று டோஜோ பார்வையிட்டார். அந்தப் படையில் மலாயாத் தமிழர்கள் ஏராளம். அதே ஆண்டில், அதே டோஜோ அரசின்கீழ், 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதையில் ஆயிரக்கணக்கான மலாயாத் தமிழ்த் தொழிலாளர்கள் மடிந்துகொண்டிருந்தார்கள். படத்தைப் பார்க்கும்போது இரண்டையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

கேள்வி: ராணுவத்தினர் பிரதமர்களைக் கொன்ற சம்பவங்கள் எத்தனை? (ஈரோடு வாசகி)

பதவியில் இருந்தபோதே கொல்லப்பட்டவர்கள் இருவர். 1921இல் டோக்கியோ ரயில் நிலையத்தில் கத்தியால் குத்தப்பட்ட ஹரா டகாஷி; கொன்றவர் ரயில்வே ஊழியர், ராணுவத்தினர் அல்ல. 1932 மே 15 அன்று அதிகாரபூர்வ இல்லத்திலேயே சுடப்பட்ட இனுகாய் சுயோஷி. இவரைக் கொன்றது கடற்படையின் இளம் அதிகாரிகளும் அவர்களோடு சேர்ந்த ராணுவப் பள்ளி மாணவர்களும். இனுகாய்க்குப் பிறகு 1945 வரை கட்சித் தலைவர் எவரும் பிரதமராகவில்லை. கடற்படைக் குறைப்பு ஒப்பந்தத்தை ஏற்ற ஹமகுச்சி 1930 நவம்பரில் அதே டோக்கியோ நிலையத்தில் சுடப்பட்டு, பதவி விலகிய பிறகு 1931 ஆகஸ்டில் இறந்தார். ஹரா, ஹமகுச்சி இருவரும் வீழ்ந்த இடங்களுக்கு நிலையத் தரையில் இன்றும் அடையாளம் உண்டு.

1936 பிப்ரவரி 26 கலகத்தில் தரைப்படையினர் கொன்றது இரண்டு முன்னாள் பிரதமர்களை: நிதியமைச்சர் டகாஹாஷி, அட்மிரல் சைட்டோ. அன்றைய பிரதமர் அட்மிரல் ஒகாடாவையும் கொன்றுவிட்டதாகவே கலகக்காரர்கள் நம்பினார்கள். அவர்கள் சுட்டது ஒகாடாவின் சகோதரியின் கணவர் மட்சுவோவை. ஒகாடா வேலைக்காரப் பெண்களின் அறை அலமாரிக்குள் ஒளிந்திருந்தார். மறுநாள், ‘பிரதமரின்’ உடலுக்கு அஞ்சலி செலுத்த வந்த கூட்டத்தோடு கலந்து, வெளியே இருந்த படையினர் கண்ணெதிரே நடந்து வெளியேறினார்.

கேள்வி: சரணடைய முடிவெடுத்த சுசுகி கன்டாரோவும் ராணுவக்காரர்தானே? அவரால் மட்டும் எப்படி முடிந்தது? (யாழ்ப்பாணம் வாசகர்)

அவரும் 1936 கலகத்தில் சுடப்பட்டவர். அப்போது பேரரசரின் அரண்மனை அதிகாரி. கடைசி வெட்டு விழாமல் மனைவி தடுத்ததால் உயிர் பிழைத்தார். 1945 ஏப்ரலில் 77 வயதில் பிரதமரானார். பதவியேற்ற வயதில் அவரை இன்னும் யாரும் மிஞ்சவில்லை.

ஆகஸ்டில், சரணடைய நேச நாடுகள் விதித்த நிபந்தனைகளை ஏற்பதா என்பதில், போரை நடத்திய உயர்மட்டக் குழுவின் ஆறு பேர் மூன்றுக்கு மூன்று என்று பிரிந்து நின்றார்கள். சுசுகி, வெளியுறவு அமைச்சர் டோகோ, கடற்படை அமைச்சர் யோனாய் ஏற்கும் பக்கம். தரைப்படை அமைச்சர் அனாமியும் இரு தலைமைத் தளபதிகளும் மறுபக்கம். ஓட்டெடுப்பு நடத்தாமல் நேரே பேரரசரின் முடிவைக் கேட்டார் சுசுகி. வழக்கத்தில் இல்லாத செயல் இது. பேரரசர் ஏற்கும் பக்கம் சாய்ந்தார்.

ஆனால் பேரரசர் சொன்னாலும் முழு அமைச்சரவையும் கையெழுத்திட்டால்தான் ஆணை செல்லும். அனாமி ராஜினாமா செய்திருந்தால், 1912இலும் 1940இலும் நடந்ததே நடந்திருக்கும். அமைச்சரவை விழும், புதிய பிரதமரைத் தேட வேண்டும், போர் தொடரும். கீழே இருந்த அதிகாரிகள் அவரை அதற்குத்தான் நெருக்கினார்கள். அனாமி கையெழுத்திட்டார். 15ஆம் தேதி விடியலில் தற்கொலை செய்துகொண்டார். சரணடைதலை எதிர்த்தவர், அதைத் தடுக்கத் தன்னிடம் இருந்த ஆயுதத்தைப் பயன்படுத்தாமலே போனார். சுசுகிக்குக் கிடைக்கும் பாராட்டில் ஒரு பங்கு இவருக்கும் சேர வேண்டும்.

கேள்வி: இன்றைக்கு ஒரு படைத்தளபதி ஜப்பான் பிரதமராக முடியுமா? (கோவை வாசகர்)

பணியில் இருந்துகொண்டே முடியாது. 1947 மே 3 முதல் நடைமுறையில் உள்ள அரசியல் சட்டத்தின் 66ஆம் பிரிவு, பிரதமரும் அமைச்சர்களும் ‘புன்மின்’ ஆக, அதாவது சிவிலியன்களாக இருக்க வேண்டும் என்கிறது. இந்தச் சொல் அதற்கு முன் வழக்கில் இல்லை, இதற்காகவே உருவாக்கினார்கள். ராணுவமே கிடையாது என்று 9ஆம் பிரிவில் எழுதிவிட்டு ராணுவத்தினர் அமைச்சராகக் கூடாது என்று எதற்கு எழுத வேண்டும்? 9ஆம் பிரிவின் வாசகத்தில் கீழ்சபை செய்த சிறு திருத்தத்தைப் பார்த்து, நாளை படை திரும்பி வரலாம் என்று நேச நாடுகளின் தூரகிழக்குக் குழு சந்தேகப்பட்டது. அதன் வற்புறுத்தலில் மேல்சபையில் இந்த வரி சேர்ந்தது. சந்தேகம் வீண்போகவில்லை. 1954 ஜூலை 1 அன்று தற்காப்புப் படை வந்துவிட்டது. அதில் பணியில் இருப்பவர் புன்மின் அல்ல என்று 1965இல் அரசு விளக்கம் தந்தது.

விலகியவருக்குத் தடை இல்லை. தரைப்படைப் பிரிவில் அதிகாரியாக இருந்து விலகிய நகடானி கென் பாதுகாப்புத் துறைக்கே பொறுப்பேற்றிருக்கிறார். தற்காப்புப் படையிலிருந்து பிரதமர் நாற்காலி வரை மட்டும் இதுவரை யாரும் வரவில்லை.

கேள்வி: போருக்குப் பிந்தைய பிரதமர்களில் போர்க்களம் கண்டவர்கள் உண்டா? (சேலம் வாசகர்)

தொழில்முறை ஜெனரல்கள் போய், கட்டாயப் படைச்சேர்ப்பில் போனவர்கள் வந்தார்கள். டனாகா காக்குவெய் மஞ்சூரியாவில் குதிரைப்படைச் சிப்பாய், நுரையீரல் நோயால் திருப்பி அனுப்பப்பட்டார். நகசோனே யசுஹிரோ கடற்படையின் சம்பளம், தளவாடக் கணக்குப் பிரிவில் அதிகாரி. டகேஷிடா நொபோரு தரைப்படை விமானப் பிரிவில் பயிற்சி தந்தவர். ஊனோ சோசுகே போர் முடிந்தபின் சைபீரியாவில் சோவியத் கைதியாக இருந்தார். சோஷலிஸ்டான முராயாமா டொமீச்சியும் 1944இல் அழைக்கப்பட்டவர்தான். நோடா யோஷிஹிகோ இவர்களுக்கு அடுத்த தலைமுறை. அவருடைய அப்பா தற்காப்புப் படை வீரர்.

பாதுகாப்புத் துறையை நிர்வகித்த அனுபவத்தோடு பிரதமரானவர்கள் என்று கேட்டால் நகசோனே, ஊனோ, இஷிபா.

கேள்வி: யமகுச்சி மாவட்டத்திலிருந்துதான் அதிகப் பிரதமர்களாமே? (தஞ்சை வாசகி)

ஆமாம், எட்டு பேர்: இட்டோ, யமகாட்டா, கட்சுரா, டெராவுச்சி, டனாகா கிய்ச்சி, கிஷி, அவர் தம்பி சாட்டோ, மகள்வழிப் பேரன் அபே ஷின்சோ. பழைய சோஷு சமஸ்தானம் அது. ஷோகன் என்ற ராணுவத் தலைவர்களின் பழைய ஆட்சியைக் கவிழ்த்ததில் முன்னே நின்றதால், புதிய தரைப்படையைத் தன் பிடியில் வைத்துக்கொண்டது. கடற்படை, சட்சுமா என்ற இன்னொரு சமஸ்தானத்துக்காரர்களுக்கு. கட்சுராவின் மொத்தப் பதவிக்காலம் 2,886 நாள். ஒரு நூற்றாண்டுக்கும் மேல் நின்ற அந்தச் சாதனையை 2019 நவம்பரில் முறியடித்தவரும் அதே மண்ணின் அபேதான்.

கேள்வி: இப்போது அமைச்சர் ஒருவர் முரண்டு பிடித்தால் பிரதமர் என்ன செய்வார்? (சென்னை வாசகர்)

நீக்குவார். 68ஆம் பிரிவு அந்த அதிகாரத்தை வெளிப்படையாகத் தருகிறது. 2005 ஆகஸ்ட் 8 அன்று அஞ்சல் துறைத் தனியார்மயச் சட்டம் மேல்சபையில் தோற்றதும், கீழ்சபையைக் கலைக்க கொய்சுமி முடிவு செய்தார். வேளாண் அமைச்சர் ஷிமாமுரா கையெழுத்துப் போட மறுத்தார். கொனோயே என்றால் மொத்த அமைச்சரவையோடு ராஜினாமா செய்திருப்பார். கொய்சுமி ஷிமாமுராவைப் பதவி நீக்கி, வேளாண்துறையைத் தானே எடுத்துக்கொண்டு கையெழுத்தையும் போட்டு, அன்றைக்கே சபையைக் கலைத்தார்.